அஞ்சு வருஷம் ஆனால் சீனியரா?

பின்தளவாசி: மென்பொருள் வேலையில் வருஷக் கணக்கைப் பார்த்து சீனியர் பட்டம் கொடுக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பணம் செலுத்தும் ஏபிஐ (ஒரு நிரல் இன்னொரு நிரலிடம் வேலை கேட்கும் வழி) ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். டைம்அவுட் ஆனால் ரீட்ரை செய் என்று ஜூனியர் எழுதிவிடுவார், டெஸ்டும் பாஸ் ஆகிவிடும். ஆனால் டைம்அவுட் என்றால் பதில் வரவில்லை, அவ்வளவுதானே? அந்தப் பக்கம் பணத்தை ஏற்கெனவே எடுத்திருக்கலாம், மறுபடி அனுப்பினால் வாடிக்கையாளரிடம் இரண்டு தடவை பிடித்துவிடும். அதற்குத்தான் ஐடெம்பொட்டன்சி கீ, அதாவது ஒரு கோரிக்கையை எத்தனை தடவை அனுப்பினாலும் மாறாத அடையாளக் குறி. அதே கீ திரும்ப வந்தால் எதிர்ப்பக்கம் புதிதாக எதுவும் செய்யாமல் பழைய பதிலையே தரும். சீனியர் இதை முதல் நாளே கேட்பார்.

புதுசு_27: சரி, இது டாகுமெண்டேஷனில் இருக்கிற விஷயம். ஒரு தடவை யாராவது சொன்னால் நானும் செய்வேன், இதற்கு எதற்குத் தனிப் பதவி? எங்கள் டீம் சீனியர் கோட் ரிவ்யூவில் வேரியபிள் பெயரை மாற்றச் சொல்வதோடு சரி.

பின்தளவாசி: அவர் சம்பளத்தில் சீனியர், விடுங்கள். யாரும் சொல்லாதபோதே சந்தேகம் வரவேண்டும் என்கிறேன். 2012-ல் நைட் கேப்பிடல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனத்தில் என்ன நடந்தது? 8 சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதுப் பதிப்பு ஏறவில்லை. எப்போதோ கைவிட்ட வசதியின் ஃபிளாக்கையே (அதை இயக்கும் சுவிட்ச் மாதிரி) புதிய வசதிக்கும் வைத்திருந்ததால், அந்த ஒரு சர்வரில் பழைய கோட் உயிர்பெற்று ஆர்டர் மேல் ஆர்டராகப் போட்டுத் தள்ளியது. சுமார் 45 நிமிடத்தில் 40 கோடி டாலருக்கு மேல் போச்சு.

லாக்_படிப்பவன்: அங்கே சீனியரே இல்லையா என்ன? இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்று எழுதிவைத்த நடைமுறையே அங்கு கிடையாது, எஸ்இசி (அமெரிக்கப் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் ஆணையம்) உத்தரவிலேயே இருக்கிறது. அதைவிடக் கொடுமை, பதற்றத்தில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த 7 சர்வர்களிலிருந்தும் புதுப் பதிப்பை எடுத்துவிட்டார்கள், கோளாறு எட்டுக்கும் பரவியது. தனி ஆளின் புத்திசாலித்தனத்தை நம்பினால் இப்படித்தான் ஆகும்.

பின்தளவாசி: அந்த நடைமுறையை எழுதிவைப்பது யார் வேலை? அதைத்தான் சீனியர் வேலை என்கிறேன்.

புதுசு_27: நாங்கள் எழுதினால் மட்டும் விடுவீர்களாக்கும்! பழைய பதிப்புக்குத் திரும்ப ரோல்பேக் ஸ்கிரிப்ட் வேண்டும் என்று கேட்டதற்கு, முதலில் உன் டிக்கெட்டை (உனக்கு ஒதுக்கிய வேலையை) முடி என்றார்கள்.

லாக்_படிப்பவன்: அடுத்த தடவை கேட்காதீர்கள். அதே டிக்கெட்டில் ஸ்கிரிப்டையும் சேர்த்து ரிவ்யூவுக்கு அனுப்புங்கள். வேண்டாம் என்பவர் காரணத்தை அங்கேயே எழுதட்டும்.