நிறத்தை மாற்றினால் பொத்தான் மறுபடி ஆங்கிலமாகிறது: தமிழ்க் கோப்பில் என்ன பிழை?

வெள்ளவத்தை_சேலை
வணக்கம். இணையக் கடை நடத்தும் ஷொப்பிஃபை தளத்தில் எங்கள் கடைக்கு டோன் என்ற தீம் (பக்க வடிவமைப்பு) போட்டிருக்கிறோம். இயல்பு மொழி ஆங்கிலம். தமிழும் சிங்களமும் சேர்த்து வெளியிட்டாயிற்று, தீமின் மொழிபெயர்ப்புகள் இருக்கும் லோகேல்ஸ் கோப்புறையில் தமிழ் ஜேசன் கோப்பும் (சாவியும் அதற்கான சொல்லுமாக எழுதிய பட்டியல்) இருக்கிறது. பக்கம் திறக்கும்போது பொத்தானில் ‘கூடையில் சேர்’ என்று சரியாகத்தான் வருகிறது. சேலையின் நிறத்தை மாற்றியதும் ‘ஆட் டு கார்ட்’ ஆகிவிடுகிறது. முகப்புப் படத்தின் மேலுள்ள தலைப்பு அந்தக் கோப்பில் எங்கு தேடியும் அகப்படவில்லை. கூடையில் ‘பொருட்கள்’ என்று மட்டும் வருகிறது, எண்ணைக் காணோம். அடிப்பகுதியில் ஓரிடத்தில் ‘டிரான்ஸ்லேஷன் மிஸ்ஸிங்’ என்று நிற்கிறது. தீமில் முன்பு வேறொருவர் கை வைத்திருக்கிறார்.

லிக்விட்_கொழும்பு
முதலில் தீமை ஒரு கொப்பி எடுத்து, அதில் திருத்துங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கடையில் கை வைக்க வேண்டாம்.

பொத்தானை இரண்டு பேர் எழுதுகிறார்கள். பக்கம் திறக்கும்போது ஷொப்பிஃபையின் வார்ப்புரு மொழியான லிக்விட், தமிழ்க் கோப்பைப் பார்த்து எழுதுகிறது. நிறம் மாறியதும் உலாவியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் அதே பொத்தானைத் திரும்ப எழுதுகிறது. டோனில் ஜாவாஸ்கிரிப்டுக்கு வேண்டிய சொற்கள் லேஅவுட் கோப்புறையிலுள்ள தீம் லிக்விட் கோப்பின் அடிப்பகுதியில், வேரியன்ட்ஸ்ட்ரிங்ஸ் என்ற தொகுதியில் மொழிபெயர்ப்பாகவே வைக்கப்பட்டிருக்கும். உங்கள் தீமில் யாரோ ஆங்கிலச் சொல்லை நேரே தட்டியிருக்க வேண்டும். அந்தத் தொகுதியையும் அசெட்ஸ் கோப்புறையில் உள்ள ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளையும் தேடிப் பாருங்கள். தொகுதியில் இருந்தால் ‘டி’ வடிகட்டி (சாவிக்குரிய மொழிபெயர்ப்பை எடுத்துத் தரும் லிக்விட் குறி) போட்ட வரியாக மாற்றுங்கள். அசெட்ஸில் இருந்தால் அந்தத் தொகுதியிலிருந்து சொல்லை எடுக்கச் செய்யுங்கள். அசெட்ஸ் ஜாவாஸ்கிரிப்ட் கோப்புக்குள் லிக்விட் ஓடாது. வடிகட்டியை அங்கே எழுதினால் எழுதியது அப்படியே பொத்தானில் வந்து நிற்கும்.

முகப்புத் தலைப்பு லோகேல்ஸில் இருக்காது. அது செக்ஷனின் (பக்கத்தின் ஒரு பகுதியின்) அமைப்பு, டெம்ப்ளேட்ஸ் கோப்புறையில் சேமிக்கப்படுகிறது. ஷொப்பிஃபையின் மொழிபெயர்ப்புச் செயலியான டிரான்ஸ்லேட் அன்ட் அடாப்டில் மொழியைத் தெரிவுசெய்து அங்கே எழுதுங்கள். தீம் எடிட்டரில் நேரே தமிழைப் போட்டால் ஆங்கிலப் பக்கத்திலும் தமிழே வரும்.

எண் காணாமல் போனதற்கு அநேகமாக இதுதான் காரணம்: இரட்டை வளைவு அடைப்புக்குள் ‘கவுண்ட்’ என்ற ஆங்கிலச் சொல் இருக்கும். இயந்திர மொழிபெயர்ப்பு அதையும் ‘எண்ணிக்கை’ ஆக்கிவிடும். அடைப்புக்குள் இருப்பது மாறியின் பெயர், அதைத் தொடவே கூடாது. ‘ஒன்’, ‘அதர்’ என்ற இரண்டு சாவிகளும் வேண்டும்: 1 பொருள், 3 பொருட்கள். சிங்களத்துக்கும் இதே இரண்டுதான்.

‘மிஸ்ஸிங்’ வரியைக் கடைசி வரை வாசியுங்கள். மொழிக் குறிக்குப் பின்னால் புள்ளி புள்ளியாக ஒரு பாதை இருக்கும். கோப்பில் அந்தச் சாவி அதே அடுக்கில் இருக்க வேண்டும். ஓர் அடைப்பு உள்ளே தள்ளிப்போனாலும் கிடைக்காது. முதலில் இயல்பு ஆங்கிலக் கோப்பில் சேர்த்துவிட்டு மற்ற இரண்டிலும் சேருங்கள்.

யூனிகோட்_பனை
இன்னொன்று. மொழிபெயர்ப்பை வேர்டில் வாங்கினீர்களென்றால் அது யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில் தட்டியதா என்று பாருங்கள். வேர்டில் தமிழாகத் தெரியும், ஜேசனில் ஒட்டியதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக மாறிவிடும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள். வேர்ட் மேற்கோள் குறிகளையும் வளைத்துவிடும். சாவியையும் சொல்லையும் சூழ்ந்தவை நேர்க்குறிகளாக இல்லாவிட்டால் ஜேசன் பிழையென்று நிற்கும். கடைசி வரிக்குப் பின்னால் காற்புள்ளி மிஞ்சினாலும் அதேதான்.

வெள்ளவத்தை_சேலை
மிக்க நன்றி. பொத்தான் சரி, ஆங்கிலம் தொகுதியிலேயே இருந்தது. ‘எண்ணிக்கை’யும் நீங்கள் சொன்னபடியே. இப்போது ஃபோனில் பொத்தான் எழுத்துகள் பிரிந்து பிரிந்து நிற்கின்றன. காசு கட்டும் பக்கத்திலும் சில வரிகள் இன்னும் ஆங்கிலம்.

லிக்விட்_கொழும்பு
டோன் எழுத்துகளுக்கிடையே இடைவெளி விடுகிறது: உடற்பகுதிக்கு (பாடி) 0.06 ரெம், பொத்தானுக்கு 0.1 ரெம் (ரெம் என்பது பக்கத்தின் அடிப்படை எழுத்தளவை வைத்த அலகு). ஆங்கிலத்துக்கு அழகு, தமிழில் சொல் சிதறித் தெரியும். பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸில் தமிழ் மொழிக்கு மட்டும் ‘லெட்டர் ஸ்பேசிங்’கை ‘நார்மல்’ ஆக்குங்கள். உடற்பகுதி, பொத்தான் இரண்டுக்கும் தனித்தனியே எழுத வேண்டும், பொத்தானுக்குச் சொந்த விதி இருக்கிறது. பொத்தானின் வரி உயரத்தையும் 1.5 ஆக்கினால் ‘கூ’, ‘ரூ’ கீழே வெட்டுப்படாது.

காசு கட்டும் பக்கத்தின் சொற்களை லோகேல்ஸ் கோப்பில் தேடாதீர்கள். அவற்றையும் டிரான்ஸ்லேட் அன்ட் அடாப்ட் செயலியிலேயே திருத்தலாம். ஓடர் உறுதிப்படுத்தும் மின்னஞ்சலின் வாசகத்தையும் தனியே பாருங்கள்.

யூனிகோட்_பனை
அங்கே ‘செக் அவுட்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ‘வெளியேறு’ என்று இருந்தால் வாங்க வந்தவர் லாக் அவுட் என்று நினைத்துத் தொடமாட்டார். ‘பணம் செலுத்து’ என்று போடுங்கள், ஃபோன் பொத்தானிலும் ஒரே வரியில் அடங்கும்.