கடன் கணக்கு பூட்டப்பட்ட காலை: வன்னிக் கடைக்காரர்களின் அனுபவங்கள்

விசுவமடு, பசளைக் கடை:

இதை எழுதலாமா என்று இரண்டு மாதம் யோசித்தேன். போன கிழமை பரந்தனில் இன்னொரு கடைக்காரருக்கும் இதே கதி என்று கேள்விப்பட்ட பிறகு யோசிக்க ஒன்றும் இல்லை.

பசளை, கிருமிநாசினி, விதைநெல் விற்கும் கடை எங்களுடையது. காசுக்கு விற்பது பாதி, கடனுக்கு விற்பது பாதி. காலபோகத்துக்குக் கார்த்திகையில் பசளை கொடுத்தால், மாசி பங்குனியில் நெல் வெட்டிய பிறகுதான் காசு கைக்கு வரும். அதுவரை நம்மிடம் இருப்பது கணக்கு மட்டும்தான். அப்பா காலத்தில் அது நீல மட்டை போட்ட ஒரு கொப்பி. நான்கு ஆண்டுகளுக்கு முன் அதை நான் கணினிக்கு மாற்றினேன்.

தை மாதம் ஒரு திங்கட்கிழமை காலை கணக்கைத் திறக்கப் பார்த்தேன், திறக்கவில்லை. ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் பொருளில்லாத நான்கு எழுத்துகள் ஒட்டியிருந்தன. கடன் பட்டியல், இருப்புப் பட்டியல், மகளின் பள்ளிக்கூடப் படங்கள், எதையும் விடவில்லை. ‘ரீட்மீ’ என்ற பெயரில் ஒரு கடிதமும் வைத்திருந்தார்கள். கோப்புகளைத் திறக்க 980 டொலர், 72 மணித்தியாலத்துக்குள் தொடர்புகொண்டால் 490.

அந்த நேரத்திலும் நான் அவ்வளவு பதறவில்லை. பென்ட்ரைவில் பிரதி இருக்கிறதே என்று நினைத்தேன். ஆனால் அந்தப் பென்ட்ரைவ் கணினியின் பின்புறத்தில், வாங்கிய நாள் முதல் கழற்றாமல் செருகியபடியே இருந்தது. அதைத் திறந்தேன். அதற்குள்ளும் அதே நான்கு எழுத்துகள்.

அப்போதுதான் கதிரையில் உட்கார்ந்தேன். 2009 இல் இங்கிருந்து மாத்தளன் வரைக்கும் அப்பா தூக்கிக்கொண்டு நடந்த பொலித்தீன் பையில் இரண்டே பொருள்கள்தான் இருந்தன: காணி உறுதியும் அந்த நீலக் கொப்பியும். செட்டிகுளம் முகாமில் கூடாரத்துக்குள் தண்ணீர் வந்தபோதும் அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு இருந்தார். அவர் போருக்குள்ளால் கொண்டுவந்த கணக்கை நான் ஓர் இரவில் தொலைத்துவிட்டேன் என்றுதான் மனம் சொன்னது.

எப்படி வந்தது என்று பிறகுதான் புரிந்தது. முதல்நாள் ஞாயிற்றுக்கிழமை, பற்றுச்சீட்டு அச்சிடும் மென்பொருள் ஒன்றை உறவுக்காரப் பையன் இணையத்திலிருந்து இறக்கித் தந்தான். காசு கட்டாமல் பயன்படுத்துவதற்காக யாரோ உடைத்துப் போட்டது. நிறுவும்போது வைரஸ் காப்பை நிறுத்தச் சொன்னது, நிறுத்தினோம்.

பணம் கட்டவில்லை. கட்டினால் திறவுகோல் வரும் என்பதற்கு என்ன உறுதி? கடன்காரர்கள் 63 பேர். ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். 41 பேர் தங்களிடம் இருந்த பற்றுச்சீட்டுகளைக் கொண்டுவந்தார்கள். வள்ளிபுனத்து அம்மா ஒருவர் எல்லாச் சீட்டுகளையும் பழைய நாட்காட்டியின் பின்புறத்தில் ஊசியால் குத்தி வைத்திருந்தார். ஒவ்வொன்றாகக் கழற்றித் தந்துவிட்டு, “இரண்டு மூடை யூரியாவுக்குச் சீட்டு இல்லைத் தம்பி, ஆனால் எடுத்தேன், அதையும் எழுதுங்கள்” என்றார். 18 பேர் நினைவிலிருந்து சொன்னார்கள். மிச்சம் நான்கு பேர்.

முள்ளியவளை, தையலும் புடவை விற்பனையும்:

அண்ணா, வாசிக்கும்போதே கை நடுங்குகிறது. எனக்கு நடந்தது வேறு வகை, ஆனால் அதுவும் ஒரு கவனயீனத்தில்தான் தொடங்கியது.

என் கடை முழுவதும் வட்ஸ்அப்பில்தான் இருக்கிறது. அளவுகள், ஓடர்கள், கனடாவிலும் சுவிஸிலும் இருக்கும் வாடிக்கையாளர்கள், எல்லாம் அதற்குள். ஒருநாள் எனக்குத் தெரிந்த ஓர் அக்காவின் இலக்கத்திலிருந்து செய்தி வந்தது: “தவறுதலாக உனக்கு ஆறு இலக்கக் குறியீடு ஒன்று அனுப்பிவிட்டேன், அதை அனுப்பிவிடு.” பொத்தான் கட்டிக்கொண்டிருந்த கையோடு அனுப்பிவிட்டேன். அந்த ஆறு இலக்கம் என்னுடைய வட்ஸ்அப்பின் சாவி. அக்காவின் கணக்கும் அதற்கு முன்பே களவு போயிருந்தது.

அரை மணித்தியாலத்துக்குள் என் பெயரில் எல்லோரிடமும் காசு கேட்டார்கள். மூன்று பேர் போட்டுவிட்டார்கள். ஒருவர் முதியவர், மருந்துக்காக வைத்திருந்த காசு. அதை நான் தவணையாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். யாரும் கேட்கவில்லை, ஆனால் என் பெயரை நம்பித்தானே போட்டார்கள்.

திரும்பவும் என் இலக்கத்தைப் பதிந்தபோது அவர்கள் ‘பின்’ (PIN) என்ற இரகசிய இலக்கம் ஒன்றை வைத்துவிட்டிருந்தார்கள். அதனால் ஏழு நாள் காத்திருக்க வேண்டி வந்தது. இரண்டு கட்டச் சரிபார்ப்பை, அதாவது அந்தப் ‘பின்’ இலக்கத்தை, நான் முன்பே போட்டிருந்தால், ஆறு இலக்கம் கையில் கிடைத்திருந்தாலும் உள்ளே வந்திருக்க மாட்டார்கள். சகோதரிகளே, வட்ஸ்அப்பின் அமைப்புகளில் ‘கணக்கு’ என்ற பகுதிக்குள் இருக்கிறது, இப்போதே போட்டுவிடுங்கள்.

மாங்குளம், வன்பொருள் கடை:

என்னுடையது சின்ன விடயம். வங்கியில் காசு போட்டதாகத் தொலைபேசியில் ஒரு படம் காட்டி 40 மூடை சீமெந்து ஏற்றிப் போனார்கள். படம் பொய். அன்றிலிருந்து கணக்கில் காசு விழுந்ததை நானே பார்த்த பிறகுதான் லொறி வெளிக்கிடும். கோபிக்கிறவர்கள் கோபிக்கட்டும்.

கிளிநொச்சி, கணினி திருத்துமிடம்:

விசுவமடு அண்ணாவின் கதையில் எனக்கும் பங்கு இருக்கிறது. அவருடைய கணினி என்னிடம் வரவில்லை, ஆனால் உடைத்த மென்பொருளை நானும் பல கடைகளுக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். வாடிக்கையாளர் காசு இல்லை என்பார், நானும் செய்துவிடுவேன். இப்போது செய்வதில்லை. காசு இல்லாதவர்களுக்கு லிப்ரே ஆபிஸ் என்ற அலுவலக மென்பொருளைப் போட்டுக் கொடுக்கிறேன். அது இலவசம், ஒரு கடைக் கணக்குக்கு அது தாராளம்.

அண்ணாவுக்கு வந்தது, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ‘ஸ்டாப்’ என்ற வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்தது போலத் தெரிகிறது. அந்த 980, 490, 72 மணித்தியாலம் எல்லாம் அவர்களுடைய வழக்கமான கடிதம். பெரும்பாலும் உடைத்த மென்பொருளோடுதான் அது வரும். இலவசமாகத் திறக்கும் கருவி ஒன்று 2019 இல் வெளிவந்தது, ஆனால் அந்த ஆண்டு ஆகஸ்டுக்குப் பிறகு வந்த வகைகளில் பெரும்பாலானவற்றுக்கு அது உதவாது. முக்கியமான ஒன்று: இந்த வகை, கடவுச்சொற்களைத் திருடும் நிரலையும் கூடவே கொண்டுவருவதுண்டு. வங்கி, மின்னஞ்சல், முகநூல் கடவுச்சொற்களை வேறொரு கருவியில் இருந்து மாற்றினீர்களா அண்ணா? அந்தக் கணினியில் இருந்து மாற்ற வேண்டாம்.

செருகியபடி இருக்கும் பென்ட்ரைவ் பிரதி ஆகாது. கணினி தொடும் இடமெல்லாம் வைரஸும் தொடும். 2023 இல் கொழும்பில் அரசாங்க மின்னஞ்சல் சேவையே இப்படி அடிபட்டது. சுமார் 5,000 முகவரிகள், மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான தரவு போய்விட்டது. அந்தக் காலத்துக்கு அவர்களிடம் பிரதி இருக்கவில்லை, மென்பொருளும் பழைய பதிப்பு. அதைப் பயன்படுத்திய அமைச்சரவை அலுவலகத்துக்கே அப்படியென்றால் நம்முடைய கடைகளை நினைத்துப் பாருங்கள்.

பழைய கணினிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். விண்டோஸ் 7 வைத்திருக்கும் கடைகள் இங்கே இன்னும் நிறைய. 2020 ஜனவரியோடு அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. விண்டோஸ் 10 க்கும் 2025 ஒக்டோபர் 14 உடன் இலவச ஆதரவு முடிந்தது. புதிது வாங்க முடியாவிட்டால், கணக்கு வைத்திருக்கும் கணினியை இணையத்தில் இருந்து பிரித்துவிடுங்கள். காசும் செலவில்லை.

ஏதாவது நடந்தால், இப்படியான கணினித் தாக்குதல்களைக் கவனிக்கும் அரச அமைப்பான இலங்கை சேர்ட்டின் (CERT) 101 இலக்கத்துக்கு அழையுங்கள். நம்மவர்கள் வெட்கத்தில் மறைக்கிறார்கள். மறைத்தால் அடுத்த கடையும் விழும்.

விசுவமடு, பசளைக் கடை:

தம்பி, கடவுச்சொற்களை மகளின் தொலைபேசியில் மாற்றிவிட்டோம். நீங்கள் இதை ஒளிக்காமல் எழுதியது எனக்குப் பெரிய ஆறுதல்.

இப்போது என்னிடம் இரண்டு வெளி வட்டுகள் இருக்கின்றன. ஒன்று கடையில், மற்றது தருமபுரத்தில் அக்கா வீட்டில். சனிக்கிழமை கடை பூட்டும்போது செருகி, பிரதி எடுத்து, உடனே கழற்றிவிடுவேன். ஞாயிறு அக்கா வீட்டுக்குப் போகும்போது மாற்றிக்கொள்வேன். மாதக் கடைசியில் கடன் பட்டியலை அச்சிட்டு அப்பாவிடம் கொடுக்கிறேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெயர் பெயராக வாசித்துவிட்டு, அதே பழைய பொலித்தீன் பைக்குள் வைக்கிறார்.

பூட்டப்பட்ட பழைய வட்டை அழிக்கவில்லை. அதை அலுமாரியில் வைத்திருக்கிறேன். அந்த நான்கு எழுத்து வகைக்குத் திறவுகோல் வெளிவந்ததாக யாராவது அறிந்தால் இங்கே ஒரு வரி எழுதுங்கள். அந்த நான்கு பேரின் கணக்கு இன்னும் அதற்குள் இருக்கிறது.