மார்கழிக் குளிரில் பால் மறக்கடிக்கப் பார்த்தேன்

என் மகளுக்கு இரண்டு வயது நிறைந்த வாரமே அத்தை வேப்பெண்ணெய்ப் புட்டியை எடுத்து வைத்துவிட்டார். "மூன்று நாள் அழுவாள், அப்புறம் மறந்துவிடுவாள்" என்றார். அவர் பெற்ற நான்கு பிள்ளைகளும் அப்படித்தான் மறந்தார்களாம். நானும் தடவிக்கொண்டேன்.

அது மார்கழி. ஊட்டியில் எங்கள் வீட்டெதிரே இருக்கும் காரட் தோட்டம் விடியற்காலையில் உறைபனியால் வெளுத்துக் கிடக்கும். அவளுக்குச் சளி வேறு. நள்ளிரவில் வாய் வைத்தவள் முகத்தைச் சுளித்தாள், ஆனால் அழவில்லை. "அம்மா, புண்ணா?" என்று கேட்டு, ஸ்வெட்டர் கைநுனியால் துடைத்துவிட்டாள். எனக்கு மருந்து போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள். எழுந்துபோய்க் கழுவிவிட்டு வந்து கொடுத்தேன். அத்தைக்கும் எனக்கும் இரண்டு நாள் பேச்சில்லை.

கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டேன். இரண்டு வயது வரையிலும், அதற்கு மேலும் கொடுக்கலாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது, அது நிறுத்துவதற்கான கெடு அல்ல என்றார். குழந்தைக்கு உடம்பு சரியில்லாதபோது தொடங்க வேண்டாம், ஒரு வேளையைக் குறைத்தால் ஒரு வாரமாவது விட்டு அடுத்ததைக் குறை என்றும் சொன்னார்.

தை பிறந்து சளி விட்டதும் மதிய வேளையை நிறுத்தினேன். கேழ்வரகுக் கூழ் போதுமாக இருந்தது. மாலை வேளைதான் பாடாய்ப்படுத்தியது. வேலை முடிந்து வந்து நான் கட்டில் மூலையில் உட்கார்ந்தாலே மடியில் ஏறிவிடுவாள். அதனால் உட்காராமல், அவளைத் தூக்கிக்கொண்டு நேரே கடைத்தெருவுக்குப் போய்விடுவேன். தாய்ப்பாலுக்குப் பதிலாகப் பசும்பால் கொடுத்தால், நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் கொடுக்காதீர்கள். வயிறு நிறைந்து சோறு இறங்காது, இரத்தச்சோகையும் வரலாம்.

இரவைக் கடைசியாக வைத்துக்கொண்டேன். ஒரு நாள் அவள் விழித்ததும் பால் கொடுக்காமல் என் சால்வைக்குள் இழுத்து அணைத்துக்கொண்டேன். இரண்டு முறை முனகிவிட்டுத் தூங்கிப்போனாள். அந்தக் குளிரில் அவள் தேடியதில் பாதி என் உடம்புச் சூடுதான் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. கேட்டால் மறுக்கவில்லை, நானாகக் கொடுக்கவும் இல்லை. பங்குனியில் கேட்பதையே விட்டுவிட்டாள்.

இடையில் எனக்கு ஒரு பக்கம் பால் கட்டிக் கல்லாகிவிட்டது. வலி தணியும் அளவுக்கு மட்டும் பீய்ச்சிவிட்டு, குளிர்ந்த துணியை வைத்துக்கொண்டேன். அன்று மாலை அத்தை மேட்டுப்பாளையம் பஸ்ஸில் மல்லிகைப் பூ வரவழைத்து, பால் வற்றட்டும் என்று தன் கையாலேயே மார்பில் வைத்துக் கட்டிவிட்டார்.

•

ஊட்டிச் சகோதரி எழுதியதைப் படித்ததும் எனக்கும் எழுதத் தோன்றியது. நான் கூடலூர்ப் பக்கம், எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறேன். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை உண்டு என்றது அப்போது நடைமுறையில் இருந்த 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம். அது முடிந்ததும் மகனுக்குப் பாலையே நிறுத்தச் சொன்னார்கள். பகலில் மட்டும் நிறுத்தினேன். காப்பகத்தில் ஆயா சோறும் பருப்பும் பிசைந்து ஊட்டுவார். முதல் வாரம் மதியத்தில் ரவிக்கை நனைந்துவிடும். பிறகு பால் அந்த நேரத்துக்குச் சுரப்பது குறைந்துபோனது. மாலையிலும் இரவிலும் அவனுக்கு இரண்டரை வயதாகும்வரை கொடுத்தேன்.