ஆஸ்வால்ட் கொலை: 11:17க்கு தந்தி அலுவலகத்தில் நின்றவர் 11:21க்கு போலீஸ் பேஸ்மென்ட்டில் எப்படி?

நாற்சந்தி:
அமெரிக்க ஜனாதிபதி கென்னடி கொலை வழக்கில் பிடிபட்ட லீ ஹார்வி ஆஸ்வால்டை 1963 நவம்பர் 24, ஞாயிறு காலை டல்லஸ் போலீஸ் தலைமையகத்துக்குள்ளேயே இரவு விடுதி நடத்திய ஜாக் ரூபி சுட்டுக் கொன்றார். எனக்குப் பிடிபடாதது நேரக் கணக்குதான். மெயின் தெருவில் இருந்த வெஸ்டர்ன் யூனியன் அலுவலகத்தில் ரூபி 25 டாலர் மணியார்டர் அனுப்புகிறார். ரசீதில் முத்திரை 11:17. துப்பாக்கி வெடித்தது 11:21. கீழே எழுபதுக்கும் மேல் போலீஸ்காரர்கள். ஆஸ்வால்டைக் கவுன்ட்டி (மாவட்ட) சிறைக்கு மாற்றுவதாகச் சொல்லியிருந்த நேரமோ காலை 10 மணி. இதைத் திட்டமிட்ட வேலை என்பதா, தற்செயல் என்பதா? காவல் எந்த இடத்தில் உடைந்தது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோப்பறை:
காவல் உடைந்த இடத்தை முதலில் பார்ப்போம். ஆள் பற்றாக்குறை இல்லை. காலை ஒன்பது மணிவாக்கில் பேஸ்மென்ட்டைக் காலி செய்து, கார்களின் உள்பக்கம் முதல் குழாய்கள் போகும் மேல்தளம் வரை சோதித்து, ஒவ்வொரு வழியிலும் காவல் போட்டார்கள். சிக்கல் அதற்கு அப்புறம்.

அந்தக் கட்டடத்தில் கார் இறங்க மெயின் தெரு ராம்ப் (சரிவுப் பாதை), வெளியேற காமர்ஸ் தெரு ராம்ப். ஆஸ்வால்டை ஏற்றக் கவச வண்டி வரவழைத்தார்கள். அது உயரம் காரணமாகக் கீழே இறங்க முடியாமல், காமர்ஸ் தெரு ராம்பின் தலைமாட்டில் பின்பக்கமாக நின்றது. வெளியேறும் வழி அதோடு அடைபட்டது. அந்த நேரத்தில் மாடியில் திட்டம் மாறுகிறது. கவச வண்டி வெறும் கண்கட்டுக்குப் போகட்டும், ஆஸ்வால்டைச் சாதாரண போலீஸ் காரில் கொண்டு போகலாம் என்று கேப்டன் வில் ஃப்ரிட்ஸ் சொல்ல, தலைமை அதிகாரி ஜெஸ்ஸி கரி ஒத்துக்கொண்டார்.

கவச வண்டிக்கு முன்னால் போக ஒரு கார் வேண்டும். லெப்டினன்ட் ரியோ பியர்ஸ் அதை எடுக்கிறார். காமர்ஸ் பக்கம் அடைபட்டிருப்பதால், உள்ளே வரும் மெயின் தெரு ராம்ப் வழியாக எதிர்த்திசையில் ஏறுகிறார். அந்த ராம்ப் ஒரு கார் போகும் அகலம்தான். வாசலில் ஒரே ஒரு காவலர். காருக்கு வழிவிட்டு அவர் ஒதுங்கி நடைபாதைப் பக்கம் போகிறார். தொலைக்காட்சிப் பதிவை வைத்துப் பார்த்தால், பியர்ஸின் கார் கீழே நின்ற கூட்டத்தைத் தாண்டியது வெடிக்கு ஏறக்குறைய 55 வினாடிக்கு முன். வெஸ்டர்ன் யூனியனிலிருந்து ராம்ப் வாசல் சுமார் 350 அடி. நடந்தால் ஒன்றரை நிமிடம். 11:17க்குக் கிளம்பியவருக்கு இந்தக் கணக்கு சரியாக உட்காருகிறது. பாதுகாப்புக்கென்று கொண்டுவந்த வண்டியே காவலரை இடம் பெயர வைத்தது. இந்த வழக்கில் நான் மிக முக்கியமாக நினைப்பது இந்தச் சங்கிலியைத்தான்.

அடுத்தது பேஸ்மென்ட். நாற்பது ஐம்பது பத்திரிகையாளர்கள், கேமரா விளக்குகளின் கண் கூசும் வெளிச்சம். ஆஸ்வால்ட் ஏற வேண்டிய கார் இன்னும் இடத்துக்கு வரவில்லை, பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. கார் நின்ற பிறகுதான் கைதி வெளியே வர வேண்டும் என்பது காவலில் முதல் பாடம். அது வருவதற்குள்ளேயே "எல்லாம் தயார்" என்று மேலே தகவல் போய்விட்டது. ஆஸ்வால்டின் வலது கை துப்பறிவாளர் ஜிம் லீவெல்லின் இடது கையோடு விலங்கிடப்பட்டிருந்தது. இடப்பக்கம் எல்.சி. கிரேவ்ஸ், பின்னால் எல்.டி. மான்ட்கோமெரி, முன்னால் ஃப்ரிட்ஸ். இரண்டு பக்கமும் ஆள் மறைப்பு, முன்பக்கம் மட்டும் திறப்பு. சிறை அலுவலகக் கதவிலிருந்து பத்தடிகூட முழுசாக நடந்திருக்க மாட்டார்கள்.

ரூபி கூட்டத்திலிருந்து பாய்ந்து .38 கோல்ட் கோப்ராவால் வயிற்றில் ஒரே ஒரு முறை சுட்டார். லீவெல் ஆஸ்வால்டைத் தன் பின்னால் இழுக்கப் பார்த்தார், ஆனால் விலங்கு பூட்டிய கை எவ்வளவு தூரம் இழுக்கும்? கிரேவ்ஸ் ரிவால்வரைப் பிடித்துக்கொண்டதால் இரண்டாவது குண்டு வெடிக்கவில்லை. முதல் குண்டே போதுமானதாக இருந்தது. மண்ணீரல், பெருந்தமனி, பெருஞ்சிரை, வலது சிறுநீரகம், கல்லீரல் என்று குறுக்கே கிழித்துக்கொண்டு வலப்பக்கத் தோலடியில் போய் நின்றது. பார்க்லேண்ட் மருத்துவமனையில் மதியம் 1:07க்கு இறந்தார்.

சாட்சிக்கூண்டு:
கோப்பறை சார் எழுதியது, கென்னடி கொலையை விசாரிக்க அரசு அமைத்த வாரன் ஆணையம் சொன்ன பாதை. ரூபியே ராம்ப் வழியாக இறங்கியதாகத்தான் சொன்னார். ஆனால் அதை முடிந்த உண்மையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பியர்ஸின் காரில் இருந்தவர்களோ, வாசலில் நின்ற காவலரோ ரூபியைப் பார்த்ததாகச் சொல்லவில்லை. அந்தக் காவலருக்கு ரூபி முன்பே தெரிந்தவர் என்பதையும் கவனியுங்கள்.

1979ல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் கொலைவழக்கு விசாரணைக் குழு வேறு முடிவுக்கு வந்தது. பக்கத்துச் சந்துக் கதவு வழியாக, படிக்கட்டில் இறங்கி ரூபி வந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்றது. அந்தப் பாதையில் கதவு பூட்டப்படாமல் இருந்திருக்கலாம், படிக்கட்டுக்கு அருகில் நின்ற காவலர்கள் சற்று முன்புதான் வேறிடத்துக்கு மாற்றப்பட்டார்கள் என்பது அவர்கள் வாதம். யாருடைய உதவியும் இல்லாமல் அவர் நுழைந்தார் என்பதை அந்தக் குழு நம்பவில்லை. சுட்டது முழுக்க அந்த நொடியின் ஆவேசம் என்பதையும் ஏற்கவில்லை.

மறுபக்கத்து வாதமும் வலுவானதுதான். ஆஸ்வால்டைக் கீழே கொண்டுவர வேண்டியது 10 மணிக்கு. விசாரணை நீண்டதால்தான் ஒரு மணி நேரத்துக்கும் மேல் தாமதம். கிளம்பும்போது ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டதில் இன்னும் சில நிமிடம். கொலைக்கு நாள் குறித்தவர் 11:17க்கு மணியார்டர் வரிசையில் நின்றிருப்பாரா? காரில் தன் வளர்ப்பு நாயை விட்டுவிட்டு வந்திருப்பாரா? உள்ளே இருந்து யாராவது தகவல் கொடுத்திருந்தால் மட்டுமே இந்த நேரப் பொருத்தம் "திட்டம்" ஆகும். அப்படி ஒருவரை எந்த விசாரணையும் பெயர் சொல்லிக் காட்டவில்லை.

நாற்சந்தி:
இருவருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். மிரட்டல் வந்திருந்ததாமே, ராத்திரியோடு ராத்திரியாக ஏன் மாற்றவில்லை?

கோப்பறை:
மாற்றியிருக்கலாம், கவுன்ட்டி சிறை ஒரு மைல் தூரம்தான். அதிகாலையில் எஃப்.பி.ஐ.யின் டல்லஸ் அலுவலகத்துக்கும் ஷெரீஃப் அலுவலகத்துக்கும் பெயர் சொல்லாத அழைப்புகள் வந்தன, ஆஸ்வால்டைக் கொல்வோம் என்று. ஷெரீஃப் தரப்பு சீக்கிரம் மாற்றவே விரும்பியது. ஃப்ரிட்ஸை எழுப்பிக் கேட்டால் தலைமை அதிகாரியைக் கேளுங்கள் என்றார். கரியின் வீட்டுத் தொலைபேசி கிடைக்கவில்லை. ஆக, முடிவெடுக்க ஆளே இல்லை.

இன்னொன்று, முந்தின இரவே கரி பத்திரிகையாளர்களிடம் காலை 10 மணிக்கு வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார். கைதியை மாற்றும் நேரத்தை வெளியே சொன்ன பிறகு பாதையும் ஆளும் எத்தனை இருந்தாலும் பாதி காவல் போய்விட்டது. வாரன் ஆணையம் கடுமையாகக் கண்டித்ததும் இதைத்தான். வெள்ளி நள்ளிரவில் ஆஸ்வால்டை நிருபர்கள் முன் நிறுத்தினார்களே, அந்த அறையிலும் ரூபி இருந்தார். அன்றே யார் யார் உள்ளே வருகிறார்கள் என்று வடிகட்டியிருக்க வேண்டும்.

வழக்குக்கட்டு:
சட்டப் பக்கம் கொஞ்சம். 1963ல் ஜனாதிபதியைக் கொல்வது அமெரிக்க மத்தியச் சட்டத்தில் தனிக் குற்றம் இல்லை. 1965ல்தான் சட்டம் வந்தது. அதனால்தான் ஆஸ்வால்ட் டல்லஸ் போலீஸ் கையில் இருந்தார்.

அவரிடம் சுமார் 12 மணி நேரம் விசாரித்தார்கள். ஒலிப்பதிவும் இல்லை, சுருக்கெழுத்துக் குறிப்பும் இல்லை. இருந்தவர்கள் பிறகு நினைவிலிருந்து எழுதியதுதான் மிச்சம். குற்றம் சாட்டப்பட்டவர் இறந்துவிட்டால் வழக்கு அங்கேயே அற்றுப்போகும். சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய யாரும் இல்லாமலே ஆணையம் 1964 செப்டம்பரில் 888 பக்க அறிக்கை கொடுத்தது. அதில் உள்ள பல ஓட்டைகளுக்கு வேர் அந்த பேஸ்மென்ட்டில் இருக்கிறது.

ரூபிக்கு 1964 மார்ச் 14ல் மரண தண்டனை. வலிப்பு நோயின் ஒரு வகையால் சுயநினைவின்றிச் சுட்டார் என்ற அவருடைய வழக்கறிஞர் மெல்வின் பெல்லியின் வாதம் எடுபடவில்லை. ஆனால் 1966 அக்டோபரில் டெக்சஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது. பிடிபட்ட பிறகு போலீஸிடம் அவர் வாய்மொழியாகச் சொன்னதைச் சாட்சியமாக ஏற்றது தவறு, டல்லஸில் விசாரித்ததும் தவறு என்றது. புது விசாரணை விசிட்டா ஃபால்ஸில் நடக்க இருந்தது. அதற்குள் 1967 ஜனவரி 3ல், நுரையீரல் புற்றுநோய் இருந்த ரூபி ரத்தக்கட்டி அடைத்து இறந்தார், அதே பார்க்லேண்டில். சட்டப்படி பார்த்தால், கென்னடி கொலைக்கும் ஆஸ்வால்ட் கொலைக்கும் இன்று நிலைத்து நிற்கும் தண்டனைத் தீர்ப்பு எதுவும் இல்லை.