புதுப்பிப்பு: கோத்தகிரி தேயிலைத் தோட்ட எல்லைத் தகராறு

பக்கத்துத் தோட்டக்காரர் எங்கள் தேயிலையில் நான்கு வரிசையை வளைத்து வேலி போட்டதைச் சென்ற மாதம் எழுதி, வழக்குக்கு என்னென்ன ஆவணம் வேண்டும் என்று கேட்டிருந்தேன்.

பட்டா இருக்கிறதே என்ற மிதப்பில் இருந்தேன். பட்டா மட்டும் உரிமைப் பத்திரம் ஆகாது என்று வக்கீல் ஒரே வரியில் இறக்கிவிட்டார். வில்லங்கச் சான்று (நிலத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களின் பட்டியல்), அ-பதிவேட்டு (கிராம நிலங்களைப் புல எண்படி பதிந்த பேரேடு) நகல் எளிதில் கிடைத்தன. நிலம் எங்களுக்கு எப்படி வந்தது என்று காட்டும் பழைய மூலப் பத்திரமான தாய்ப்பத்திரம்தான் ஆட்டம் காட்டியது. கடைசியில் அத்தையின் டிரங்குப் பெட்டியில், கம்பளிக்கு அடியில் அகப்பட்டது. மலை ஈரத்தில் மடிப்பெல்லாம் பூஞ்சை. முத்திரை மட்டும் பளிச்சென்று இருக்கிறது. 30 ஆண்டு கடந்த பத்திரம் உரியவர் பாதுகாப்பிலிருந்து வந்தால், கையெழுத்து மெய்யென்று நீதிமன்றம் அனுமானிக்கலாமாம். இருந்தாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகலுக்கு மனுப் போட்டிருக்கிறேன்.

நில அளவைத் துறையின் புல வரைபடத்தில் எல்லைக்கல் ஓடைக்கு அப்பால், வேலியோ இப்பால். அளப்பதற்குப் பணம் கட்டியாயிற்று. மழை விட்டால் நில அளவையர் வருவார்.