யிஷிங் மண் கெண்டியில் சோப்பு வாசம், வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். சீனத் தேநீர்க் கெண்டி புழங்குகிறவர்கள் யாராவது இருந்தால் உதவுங்கள்.

சீனாவின் வூசி நகரில் வேலை பார்த்தபோது, பக்கத்து யிஷிங்கின் திங்ஷூ என்ற ஊரில் வாங்கிய ஊதாமண் கெண்டி இது. செய்தவர் சக்கரத்தில் வனையவில்லை. மண்ணை மரச்சுத்தியலால் அடை மாதிரி தட்டி, பட்டையாக வெட்டி, வளைத்து ஒட்டி, மரத்தட்டையால் தட்டித் தட்டியே அதற்கு வயிறு கொண்டுவந்தார். அரை நாள் பக்கத்திலேயே நின்று பார்த்தேன்.

மெருகு பூசாத மண், தேயிலை மணத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால்தான் ஒரு கெண்டிக்கு ஒரே வகைத் தேயிலை என்பார்கள். எட்டு வருடமாக இதில் ஊலாங் மட்டும்தான். வெளிப்பக்கம் எண்ணெய் பூசிய கருங்கல் போல மினுங்கும்.

போன வாரம் வந்திருந்த சொந்தக்காரர் ஒருவர், உதவி செய்வதாக நினைத்து, பாத்திர சோப்பில் ராத்திரி முழுக்க ஊறவைத்துவிட்டார். பாவம், அவருக்குத் தெரியாது. இப்போது வெந்நீர் ஊற்றினாலே எலுமிச்சை சோப்பு வாசம். மூன்று முறை வெறும் தண்ணீரில் போட்டுக் காய்ச்சினேன், குறைந்தது, போகவில்லை. தேயிலை போட்டுக் காய்ச்சலாமா? சமையல் சோடா மண்ணைக் கெடுக்குமா?

கழுவும்போது மூடியும் இரண்டாகப் பிளந்துவிட்டது. வைர முனையால் துளையிட்டு, உலோகக் கவ்விகளால் உடைந்த பீங்கானைத் தைக்கும் பழைய கைவேலை சீனாவில் உண்டு. சென்னையிலோ சிங்கப்பூரிலோ அதைச் செய்பவர்கள் யாரையாவது தெரியுமா? பசை வேண்டாம், ஆவி படுகிற இடம்.