அப்பத்தாவுக்கு விக்கிப்பீடியாவுல பக்கம் போடலாமா?

பாசிக்காரி_பேத்தி:
பாம்பன் பக்கம் எங்க ஊரு. ஆளுக்கொரு பெண்ணைப் பத்தித் தமிழ் விக்கிப்பீடியாவுக்குக் கட்டுரை எழுதணும்னு காலேஜ்ல சொல்லிட்டாங்க. கூடப் படிக்கிறதுக எல்லாம் நடிகை, விளையாட்டு வீராங்கனைன்னு பிடிச்சு, இங்கிலீஷ் பக்கத்தைத் தமிழாக்கி முடிச்சிருச்சுக. நான் எங்க அப்பத்தாவைப் பத்தி எழுதி மணல்தொட்டியில (விக்கியில வரைவை எழுதிப் பாக்குற பக்கம்) வச்சிருக்கேன்.

அப்பத்தா கடல்பாசி எடுக்குறவுக. பழைய சேலையைக் கிழிச்சு விரலுக்கு விரல் சுத்திக்கிருவாக. சேலைக்கு மேல தாத்தா சட்டை, கண்ணுல கண்ணாடி, இடுப்புல பை. மூச்சைப் பிடிச்சு முங்குனா, பாருல, அதான் கடலுக்கடியில இருக்க பாறைத்திட்டுல, ஒட்டியிருக்க மரிக்கொழுந்துங்கிற பாசியைப் பிச்சுக்கிட்டுத்தான் மேல வருவாக. சாயங்காலம் துணியை அவுத்தா விரல் நுனியெல்லாம் வெளுத்துக் கிடக்கும், ரேகையே தெரியாது. ரேஷன் கடை மிஷின்ல கைரேகை விழாமத் திரும்பி வந்தது தனிக்கதை.

சார் படிச்சுட்டு, "பேப்பர்ல ஏதாவது வந்திருக்காம்மா?"ன்னார். ஒருதடவை போட்டோ வந்துச்சு. முதுகு மட்டும்தான். கீழே 'பாசி சேகரிக்கும் பெண்கள்'னு போட்டிருந்தான். இதை வச்சுக்கிட்டு என் கட்டுரை நிக்குமா?

பழைய_பயனர்:
நிக்காது தங்கச்சி. வேற யாராவது அவங்களைப் பத்தி விரிவா எழுதி நம்பகமான இடத்துல வெளியாகியிருக்கணும், அதைத்தான் 'குறிப்பிடத்தக்கமை'ன்னு சொல்றோம். நீ கண்ணால பாத்தது 'சொந்த ஆய்வு' ஆயிரும். கோபம் வரும், எனக்கும் வந்திருக்கு. 2018-ல இயற்பியல் நோபல் வாங்குன டோனா ஸ்ட்ரிக்லாண்டுக்கு, பரிசு அறிவிச்ச அன்னைக்கு வரைக்கும் ஆங்கில விக்கியில பக்கமே கிடையாது. அந்த வருஷம் மே மாசம் ஒருத்தர் எழுதிக் கொடுத்ததை, சான்று போதலைன்னு திருப்பிட்டாங்க. நோபல்காரம்மாவுக்கே அந்தக் கதி.

உங்க பக்கத்துச் சின்னப்பாலம் லட்சுமி மூர்த்தியை எடுத்துக்கோயேன். அவங்களும் பாசி எடுக்குறவங்க, 2015-ல சீகாலஜி பரிசு (தீவுகளோட இயற்கையைக் காக்குறவங்களுக்குக் கொடுக்குறது) வாங்குனாங்க, 10,000 டாலர். சான்று இங்கிலீஷ்ல இருந்தாலும் செல்லும், கட்டுரை தமிழ்ல இருந்தாப் போதும். பக்கம் ஏற்கெனவே இருக்கான்னு தேடிட்டு ஆரம்பி. இருந்தா அதை வளத்து விடு, அதுக்கும் மார்க் போடச் சொல்லி சார்கிட்ட கேளு.

அப்பத்தாவுக்கும் இடம் இருக்கு. 'பாசி எடுத்தல்'னு தொழிலைப் பத்தி எழுது. மரிக்கொழுந்துல இருந்து அகார்ங்கிற கெட்டிப்படுத்துற பொருளை எடுக்குறது, மன்னார் வளைகுடா 1986-ல தேசியப் பூங்கா ஆனது, 21 தீவும் அதுக்குள்ள போனதால பாசிக்காரங்களுக்கு வந்த சிக்கல், இதுக்கெல்லாம் சான்று கொட்டிக் கிடக்கு. கிராமத்து மக்களைப் பத்தி எழுதுற பாரி (PARI) இணையதளத்துல தமிழ்லயே இருக்கு. கூடவே அப்பத்தா கையைப் போட்டோ எடுத்துப் பொதுவகத்துல (விக்கிக்காரங்க படம் சேக்குற தளம்) ஏத்து. நீயே எடுத்த படத்துக்குப் பேப்பர்க்காரன் சாட்சி வேண்டாம்.

பரமக்குடி_நெசவு:
உங்களுக்காவது கட்டுரை போட ஒரு விக்கி இருக்கு. வீட்ல நாங்க பேசுறது சௌராஷ்டிரம். எங்க எழுத்து 2008-லேயே யூனிகோடுல ஏறிருச்சு, ஆனா விக்கி இன்னும் இன்குபேட்டர்லதான் (புது மொழி விக்கிகளைச் சோதிச்சு வளக்குற தளம்) கிடக்கு. அதுல பாட்டியோட தறியைப் பத்தி நாலு வரி எழுதலாம்னு உக்காந்தேன். எங்க எழுத்து எனக்கு வாசிக்கவே வராது, பாட்டிக்கும் வராது. தமிழ் எழுத்துலதான் தட்டினேன். சின்ன மொழின்னா முடியாதுன்னும் சொல்ல முடியல, வேல்ஸ் மொழிக்காரங்க 2016-லேயே ஆணுக்குச் சமமாப் பெண்களுக்கும் கட்டுரை எழுதி முடிச்சுட்டாங்க.

பாசிக்காரி_பேத்தி:
அண்ணே, லட்சுமி அக்காவைப் பத்தித்தான் எழுதுறேன்னு சார்கிட்டச் சொல்லிட்டேன். நேத்துச் சாயங்காலம் அப்பத்தா கையைப் போட்டோ எடுத்தேன். துணி பாதி அவுந்து தொங்குது, மடியில ஒரு பிடி மரிக்கொழுந்து. "மூஞ்சி விழுகாம எடு"ன்னாக. சரின்னேன். எந்த இடத்துல எடுத்த பாசின்னு படத்துக்குக் கீழ எழுதணுமேன்னு கேட்டதும் சட்டுனு கையை இழுத்துக்கிட்டாக.

"கடல்னு போடு. எந்தப் பாருன்னு எழுதிறாத, விடியுறதுக்குள்ள ஆளு வந்துருவாளுக."